யார் உள்ளே போகிறார்கள், யாரால் வெளியே வர முடிகிறது? அமெரிக்க நீதி அமைப்பில் நிறமும் வறுமையும்

கறுப்பினத்தவருக்கு இந்தத் தண்டனை, வெள்ளையருக்கு அந்தத் தண்டனை என்று இன்றைய அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்காது. பணக்காரரை விட்டுவிடு, ஏழையைப் பிடித்து வை என்றும் இருக்காது. ஆனால் அந்த நாட்டுச் சிறைகளில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் நிலைமை வேறாக இருக்கிறது. மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 13, 14 சதவீதம்தான். சிறைக் கைதிகளில் அவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்றால் இது எப்படி நடக்கிறது?

குற்ற வழக்கு என்றதும் நமக்கு நீதிமன்றமும் தீர்ப்பும்தான் நினைவுக்கு வரும். தீர்ப்பு வருவதற்கு முன்பே வேறு பல முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. போலீஸ் எந்தத் தெருவில் ரோந்து போவது, நடந்துபோகிறவர்களில் யாரை நிறுத்துவது, எச்சரித்து அனுப்புவதா கைது செய்வதா, எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது, ஜாமீன் தொகை எவ்வளவு, தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழுவான ஜூரியில் யாரை உட்கார வைப்பது. இதில் ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு அதிகாரி தன் மனதுக்குப் பட்டபடி முடிவு செய்ய இடம் இருக்கிறது. இதை விருப்புரிமை என்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சின்னதாக ஒரு சாய்வு இருந்தால் போதும், கடைசியில் அது பெரிய இடைவெளியாகிவிடும். யார் இந்த அமைப்புக்குள் இழுக்கப்படுகிறார்கள் என்பதில் தோலின் நிறத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உள்ளே போனவரால் சீக்கிரம் வெளியே வர முடியுமா என்பதில் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டும் ஒரே ஆள்மீது விழும்போது என்ன ஆகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

முதல் கட்டம் தெருவில் தொடங்குகிறது. நியூயார்க் நகரப் போலீஸ் பல ஆண்டுகள் ஒரு முறையைக் கடைப்பிடித்தது. சந்தேகம் வந்தால் யாரையும் நிறுத்தி விசாரிக்கலாம், உடம்பைத் தடவிச் சோதனை போடலாம். 2011இல் மட்டும் ஏறக்குறைய 6,85,000 முறை இப்படி ஆட்களை நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மீது கைதோ வழக்கோ எதுவும் இல்லை, அப்படியே அனுப்பிவிட்டார்கள். 2013இல் நீதிபதி ஷீரா ஷைண்ட்லின், இந்த முறையை நகரம் நடைமுறைப்படுத்திய விதம் அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பில் ஒரு புள்ளிவிவரம் இருக்கிறது. கறுப்பினத்தவரை நிறுத்தியபோது 1 சதவீதம் முறைதான் ஆயுதம் கிடைத்தது. வெள்ளையரை நிறுத்தியபோது 1.4 சதவீதம். வெள்ளையரை உண்மையான காரணம் இருந்தால்தான் நிறுத்தினார்கள், மற்றவர்களை லேசான சந்தேகத்துக்கே நிறுத்தினார்கள் என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

“அவர்கள் அதிகமாகக் குற்றம் செய்கிறார்கள், அதனால் அதிகமாகச் சிறைக்குப் போகிறார்கள்” என்று சொல்கிறவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. வறுமையும் வேலையின்மையும் ஒரே பகுதியில் குவிந்திருக்கும் இடங்களில் வன்முறைக் குற்றங்கள் கூடுதலாக இருப்பது உண்மைதான். அப்படிப்பட்ட பகுதிகளில் கறுப்பினத்தவர் அடைந்து கிடப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆனால் போதைப்பொருள் குற்றங்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். கஞ்சா பயன்படுத்துவதில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அரசின் சொந்தக் கணக்கெடுப்புகளே காட்டின. இருந்தும், 2010ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த ஏ.சி.எல்.யூ. என்ற சிவில் உரிமை அமைப்பு, கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைவிட 3.7 மடங்கு என்று கண்டது. எங்கே தேடுகிறார்களோ அங்கேதான் கிடைக்கும். கல்லூரி விடுதி அறைகளை யாரும் அதே தீவிரத்தோடு சோதனை போடுவதில்லை.

சரி, ஒருவர் கைதாகிவிட்டார். அடுத்தது ஜாமீன். இந்த முழு அமைப்பிலும் வறுமை மிக அப்பட்டமாகத் தண்டனையாக மாறும் இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஜாமீனின் நோக்கம் எளிமையானது. குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணைக்குத் தவறாமல் வர வேண்டும், அதற்கு ஒரு பிடிப்பாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள். ஒழுங்காக வந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். கையில் பணம் இல்லாதவர், முழுத் தொகைக்கும் தான் பொறுப்பேற்கும் ஜாமீன் முகவரிடம் போக வேண்டும். தொகையில் 10 சதவீதம் போல அவர் கட்டணமாக வாங்கிக்கொள்வார். நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் அந்தக் கட்டணம் போனது போனதுதான். அதற்கும் வழியில்லாதவர் காவலில் கிடக்க வேண்டியதுதான். உள்ளூர்க் காவல் சிறைகளில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். ஒரே குற்றச்சாட்டில் கைதான இருவரில் ஒருவர் மாலையே வீட்டுக்குப் போவார், மற்றவர் மாதக்கணக்கில் உள்ளே இருப்பார். அந்த மாதங்களில் வேலை போகும், வாடகை பாக்கி நிற்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது.

கலீஃப் பிரவுடரின் கதை அமெரிக்காவையே உலுக்கியது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த கறுப்பினப் பையன். 2010 மே மாதம், 16 வயதில், ஒரு முதுகுப் பையைத் திருடியதாகக் கைது செய்தார்கள். தான் திருடவில்லை என்று முதல் நாளிலிருந்தே சொன்னான். ஜாமீன் தொகை 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். ஏற்கெனவே ஒரு சிறு வழக்கில் அவன் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்ததால், சில வாரங்கள் கழித்து ஜாமீனே கிடையாது என்று ஆகிவிட்டது. முதல் நாள் அந்த 3,000 டாலர் இருந்திருந்தால் அவன் வீட்டிலிருந்தபடி வழக்கை நடத்தியிருப்பான். அப்புறம் வாய்தா, மேலும் வாய்தா. அரசுத் தரப்பு இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிச் சொல்லியே மூன்று ஆண்டுகள் போயின. அதில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தனிமைச் சிறையில்.

நடுவில் பலமுறை அவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள், குறைந்த தண்டனை தருகிறோம் என்றார்கள். ஒரு கட்டத்தில், ஒப்புக்கொண்டால் இருந்த காலமே போதும், உடனே வீட்டுக்குப் போகலாம் என்ற அளவுக்கு இறங்கினார்கள். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன் என்று அவன் மறுத்துவிட்டான். 2013இல் வழக்கு தள்ளுபடியானது, விசாரணை நடக்கவே இல்லை. வெளியே வந்தவனை அந்தச் சிறை விடவில்லை. 2015இல், 22 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். நான்கு ஆண்டுகள் கழித்து நியூயார்க் நகரம் அவன் குடும்பத்துக்கு 33 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

பிரவுடர் மறுத்தது அபூர்வமான செயல். அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2012இல் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்ட கணக்குப்படி, மத்திய நீதிமன்றங்களில் 97 சதவீதமும் மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதமும் தண்டனைகள், குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை. சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, ஜூரி என்று நாம் திரையில் பார்க்கும் எதுவும் அங்கே நடப்பதில்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் பெரிய பிரிவில் வழக்கைப் போட்டு வைப்பார். ஒப்புக்கொண்டால் 2 ஆண்டு, விசாரணை கேட்டுத் தோற்றால் 15 ஆண்டு என்பது போல ஒரு பேரம் வரும். இந்தப் பேரத்தில் உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் பலம் ஒன்றாகுமா? சின்ன வழக்கில் ஒப்புக்கொண்டால் இன்றே வீடு, மறுத்தால் இன்னும் பல மாதம் காவல் என்னும்போது, நிரபராதியும் தலையாட்டிவிடுவார். ஜாமீன் கட்ட முடியாதது எப்படிக் குற்றவாளி என்ற முத்திரையாக மாறுகிறது என்பது இங்கே தெரிகிறது.

வக்கீல் இருக்கிறாரே என்று கேட்கலாம். அந்த உரிமையும் எளிதாக வந்துவிடவில்லை. 1961இல் ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியில், ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்துக்குள் புகுந்து திருடியதாகக் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழை வெள்ளையர் கைதானார். வக்கீல் வைக்கப் பணமில்லை, அரசு ஒருவரைத் தர வேண்டும் என்றார். மரண தண்டனை வழக்குக்குத்தான் தருவோம் என்றது நீதிமன்றம். தானே வாதாடித் தோற்றார், ஐந்து ஆண்டுச் சிறை. சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். 1963இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். மறு விசாரணையில் வக்கீலோடு போனார், விடுதலையானார். இன்று பெரிய குற்றம் சாட்டப்பட்ட எந்த ஏழைக்கும் அரசுச் செலவில் வக்கீல் உண்டு. ஆனால் அந்த வக்கீல்களின் மேஜையில் எத்தனை வழக்கு குவிந்திருக்கிறது என்பது வேறு விஷயம். ஒருவருக்கு ஆண்டுக்கு 150 பெரிய குற்ற வழக்குகளுக்கு மேல் தரக் கூடாது என்று 1973லேயே ஒரு தேசிய ஆணையம் வரம்பு சொன்னது. அதுவே அதிகம். பல இடங்களில் அந்த வரம்பையும் தாண்டித்தான் வேலை பார்க்கிறார்கள். விசாரணைக்குச் சில நிமிடம் முன்பு, நீதிமன்றத் தாழ்வாரத்தில் தன் வக்கீலை முதல்முறையாகச் சந்திக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கொலை, கொள்ளை எல்லாம் வேண்டாம். வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியதே போதும். 2014 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தின் ஃபெர்கூசன் ஊரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதன்பிறகு அமெரிக்க மத்திய அரசின் நீதி அமைச்சகம் அந்த ஊர்ப் போலீஸையும் நகர நீதிமன்றத்தையும் ஆராய்ந்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. ஊர் மக்களில் 67 சதவீதம் கறுப்பினத்தவர், கைதானவர்களில் 93 சதவீதம் கறுப்பினத்தவர். நகராட்சியின் வரவு செலவில் அபராதம் ஒரு முக்கிய வருமானம். அபராத டிக்கெட் எழுதுவதைக் கூட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலைப் பெரிதாக உயர்த்துவது கடினம் என்று நிதி அதிகாரியே போலீஸ் தலைவருக்கு எழுதியிருந்தார்.

அந்த அறிக்கையில் பெயர் சொல்லப்படாத ஒரு கறுப்பினப் பெண்மணி வருகிறார். 2007இல் ஒரே ஒரு முறை வண்டியைத் தவறாக நிறுத்தினார். 151 டாலர் அபராதமும் கூடுதல் கட்டணங்களும் விழுந்தன. வீடில்லாமல் தவித்த காலமும் அவருக்கு உண்டு. நீதிமன்றத்துக்கு வரத் தவறியதாக ஏழு முறை புதிய குற்றச்சாட்டு, ஒவ்வொன்றுக்கும் புதிய கட்டணம். 25 டாலர், 50 டாலர் என்று கையில் இருந்ததைக் கொண்டுபோய்க் கட்டப் பார்த்தார். முழுத் தொகைதான் வேண்டும் என்று நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை கைது, ஆறு நாள் சிறை, 550 டாலர் கட்டி முடித்திருந்தார். 2014 டிசம்பரில் இன்னும் 541 டாலர் பாக்கி என்றது கணக்கு. அபராதம் கட்ட உண்மையிலேயே வழியில்லாதவரை, அதை விசாரிக்காமல் சிறையில் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1983லேயே சொல்லிவிட்டது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1865இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. குற்றத்துக்குத் தண்டனையாகத் தவிர வேறு எதற்கும் கட்டாய உழைப்பு கூடாது என்பது அதன் வாசகம். அந்த ‘தவிர’ ஒரு கதவைத் திறந்து வைத்தது. அதே ஆண்டில் மிசிசிப்பி மாநிலம், விடுதலையான கறுப்பினத்தவரில் வேலை இல்லாமல் இருப்பவரை நாடோடி என்று கைது செய்ய ஒரு சட்டம் போட்டது. அபராதம் கட்ட முடியாவிட்டால், அதைக் கட்டுகிற முதலாளியிடம் அவர் உழைக்க வேண்டும். அப்போதுதான் விடுதலையான ஒருவரிடம் அபராதப் பணம் ஏது? தென் மாநிலங்கள் கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விட்டன. அலபாமாவில் இது 1928 வரை நீடித்தது.

சட்டத்தில் இனம் என்ற சொல்லே இல்லாமல் இனப் பாகுபாடு எப்படி நுழையும் என்பதற்குப் பாடப்புத்தக உதாரணம் கொக்கைன் சட்டம். 1986இல் நாடாளுமன்றம் போதைப்பொருளுக்குக் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை விதித்தது. பவுடர் கொக்கைன் 500 கிராம் வைத்து விற்றால் ஐந்து ஆண்டு. அதே கொக்கைனைச் சமையல் சோடாவும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சி எடுக்கும் ‘கிராக்’ என்றால், 5 கிராமுக்கே ஐந்து ஆண்டு. போதைப்பொருள் ஒன்றுதான், தண்டனையில் மட்டும் 100 மடங்கு வேறுபாடு. விலை மலிவான கிராக் ஏழைக் கறுப்பினப் பகுதிகளில் விற்றது, பவுடர் வசதியானவர்களின் விருந்துகளில் புழங்கியது. 1990களில் மத்திய நீதிமன்றங்களில் கிராக்குக்காகத் தண்டனை பெற்றவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கறுப்பினத்தவர். இந்த விகிதம் 2010இல்தான் 18க்கு 1 என்று குறைந்தது. பழைய கைதிகளுக்கு அந்தச் சலுகை கிடைக்க மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 18க்கு 1 என்பதற்கும் என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

விசாரணைவரை போகும் சில வழக்குகளில் சாதாரணக் குடிமக்கள், பொதுவாக 12 பேர், ஜூரியாக உட்கார்ந்து முடிவு சொல்வார்கள். ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இரு தரப்பு வழக்கறிஞர்களும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்களைக் காரணம் சொல்லாமலே நீக்கலாம். இனத்தைக் காரணமாக வைத்து நீக்கக் கூடாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஆனால் நீக்குகிறவர் வேறு ஏதாவது காரணம் சொன்னால் நிரூபிப்பது கடினம். மிசிசிப்பியில் கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினத்தவர்மீது 1996இல் ஒரு கடையில் நான்கு பேர் கொல்லப்பட்டதற்காக ஆறு முறை விசாரணை நடந்தது. ஆறு முறையும் அரசுத் தரப்பில் அதே வழக்கறிஞர். தன்னால் நீக்க முடிந்த 42 கறுப்பினத்தவரில் 41 பேரை அவர் நீக்கினார். ஆறாவது விசாரணையில், நீக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் மொத்தம் 145 கேள்விகள் கேட்டார். ஜூரியில் அமர்ந்த 11 வெள்ளையரிடம் மொத்தம் 12 கேள்விகள். 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு வழக்கே கைவிடப்பட்டது. அதற்குள் ஃபிளவர்ஸின் வாழ்க்கையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் போயிருந்தன.

இதே உச்ச நீதிமன்றம் 1987இல் வேறு முகம் காட்டியது. ஜார்ஜியா மாநிலத்தில் மரண தண்டனை பெற்ற வாரன் மெக்லெஸ்கி ஓர் ஆய்வை முன்வைத்தார். கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால், கொன்றவருக்கு மரண தண்டனை விழும் வாய்ப்பு 4.3 மடங்கு என்றது அது. ஆய்வு சரியென்றே வைத்துக்கொண்டாலும், உன் வழக்கில் உன்னைக் குறிவைத்து யாரோ வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார் என்று நிரூபிக்க வேண்டும் என்று 5க்கு 4 என்ற கணக்கில் மனுவைத் தள்ளினார்கள். இந்தத் தீர்ப்பின் விளைவு பெரியது. அமைப்பு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைக் கணக்கோடு காட்டினாலும், தனி ஒருவரின் கெட்ட எண்ணத்தைக் காட்டாவிட்டால் பயனில்லை என்றாகிவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பாவல், ஓய்வு பெற்ற பிறகு, என் வாக்கை மாற்ற முடிந்தால் இந்த வழக்கில்தான் மாற்றுவேன் என்று சொன்னார். மெக்லெஸ்கிக்கு 1991இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இவ்வளவும் வறுமையின் வேலைதானே, நிறத்தை ஏன் இழுக்க வேண்டும் என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஏழை வெள்ளையரும் ஜாமீன் கட்ட முடியாமல் தவிக்கிறார்கள் என்பது மறுக்க முடியாதது, கிடியனே வெள்ளையர்தான். ஆனால் ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. நாட்டின் மிகப் பெரிய பணக்கார 1 சதவீதக் குடும்பங்களில் வளர்ந்த கறுப்பின ஆண்கள் சிறையில் இருக்கும் வாய்ப்பு, ஆண்டுக்குச் சுமார் 36,000 டாலர் வருமானமுள்ள குடும்பங்களில் வளர்ந்த வெள்ளை ஆண்களுக்கு எவ்வளவோ அவ்வளவு. பணம் காப்பாற்றுகிறது, ஆனால் எல்லாரையும் ஒரே அளவில் காப்பாற்றுவதில்லை.

வெளியே வந்த பிறகும் இது தொடர்கிறது. சமூகவியலாளர் டீவா பேஜர் மில்வாக்கி நகரில் ஒரே தகுதியுள்ள இளைஞர்களை வேலைக்கு விண்ணப்பிக்க அனுப்பினார். குற்றப் பதிவு இல்லாத வெள்ளையரில் 34 சதவீதம் பேருக்கு அழைப்பு வந்தது, குற்றப் பதிவு உள்ள வெள்ளையருக்கு 17 சதவீதம். எந்தக் குற்றப் பதிவும் இல்லாத கறுப்பினத்தவருக்கு 14 சதவீதம், பதிவு உள்ளவர்களுக்கு 5 சதவீதம். சிறைக்கே போகாத கறுப்பின இளைஞர், சிறைக்குப் போய்வந்த வெள்ளை இளைஞருக்கும் பின்னால்தான் நின்றார்.

மாற்றங்கள் நடக்காமல் இல்லை. நியூ ஜெர்சி 2017இல் பண ஜாமீனைப் பெரும்பாலும் கைவிட்டது. 2023 செப்டம்பரில் இல்லினாய் அதை முற்றிலும் ஒழித்த முதல் மாநிலமானது. அங்கே இப்போது ஒருவரைக் காவலில் வைக்க வேண்டுமானால், அவர் பிறருக்கு ஆபத்தானவர் அல்லது தப்பி ஓடுவார் என்று அரசுத் தரப்பு நீதிபதி முன்பு காட்ட வேண்டும், அவருக்காக வாதாட வக்கீல் பக்கத்தில் இருப்பார். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற கேள்வி எழுவதில்லை. தெருவில் யாரை நிறுத்துகிறார்கள் என்பதை இந்தச் சட்டம் தொடவில்லை. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் ஜாமீன் தொகை சொல்லும் பழைய முறையே இன்னும் நடக்கிறது.